கல்லை அறிதலும் கல்லைத் தொழுதலும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் எந்த டிவிஷனுக்குச் சென்றாலும், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சற்று அப்பால், பெரும்பாலும் ஒரு மரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஒரு கல் நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அதனை முனியாண்டி என்பார் சிலர், மாடசாமி என்பார் சிலர். தேயிலை ஸ்டோரில் இயந்திரச் சக்கரங்களுக்கு நடுவே உழைப்பவர்களைக் காக்கும் தெய்வம் ரோதைமுனி. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து தொடங்கும் நாளில் கத்தியை வைத்துக் கும்பிடப்படுபவர் கவ்வாத்துச்சாமி. இத்தகைய தெய்வங்களின் முன் கற்பூரம் ஏற்றிவிட்டு மலைக்கு ஏறிய பரம்பரையிலே பிறந்த ஒரு பிள்ளை, ஹற்றனிலோ நுவரெலியாவிலோ உயர்தரம் முடித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, புவிச்சரிதவியலின் ஆரம்பப் பாடங்களைக் கற்கத் தொடங்குமாயின், அந்த உள்ளத்தில் ஒரு வினா எழாதிருக்க முடியாது. கல் என்பது இன்ன இன்ன கனியங்களின் சேர்க்கை, இன்ன வெப்பத்தில் இன்ன ஆழத்தில் உருவாயிற்று, இத்தனை கோடி ஆண்டு வயதுடையது என்று தெள்ளத் தெளியக் கற்றுக்கொண்ட பின்னர், விடுமுறைக்கு வீடு திரும்பி அந்த மரத்தடியில் கைகூப்பி நிற்பது அறிவுக்குப் பொருந்துமா? கல்லை அறிந்தவர் கல்லைத் தொழலாமா?

இவ்வினாவுக்கு எளிதிற் கிடைக்கும் விடைகள் இரண்டு. கல் ஜடம், ஜடத்தை வணங்குதல் பேதைமை, ஆதலால் கற்றவர் அதைக் கைவிட வேண்டும் என்பது ஒன்று. விஞ்ஞானத்தின் எல்லை வேறு, பக்தியின் எல்லை வேறு, ஆகவே ஆய்வுகூடத்தில் கற்றதை ஆலய வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லலாம் என்பது மற்றொன்று. முதல் விடையைத் தமிழர் அயலாரிடம் கேட்டு அறிய வேண்டியதில்லை. கல்வழிபாட்டைக் கடிந்து வினவிய சிவவாக்கியர் நம்முடைய சித்தரே. ஆயினும் இவ்விரு விடைகளும் ஒரே குறையை உடையன. கல்லைப் பற்றி அறிந்ததனால் தொழுகையின் உட்பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை இரண்டுமே ஆராயவில்லை. அதனை ஆராய்வதற்கு, அந்தப் பாடம் உண்மையில் எதைக் கற்பிக்கிறது என்பதை முதலில் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

புவிச்சரிதவியலின் முதற்பாடம் கண்ணுக்கும் கைக்கும் உரிய பாடம். மேசைமீது சில கற்கள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் நிறம், மினுக்கம், பிளவு, கடினம் ஆகியவற்றை மாணவர் தாமே கண்டறிய வேண்டும். விரல் நகத்தால் கீறுண்பது எது, செப்புக் காசினால் கீறுண்பது எது, கத்தி முனையால் கீறுண்பது எது, கத்திக்கும் அஞ்சாமல் கண்ணாடியையே கீறுவது எது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, 1812ஆம் ஆண்டில் பிரெடெரிக் மோஸ் வகுத்த பத்துப் படி வரிசையில் அதனதன் இடத்தை நிர்ணயிக்க வேண்டும். வெண்ணிறமான இரு கற்களில் எது படிகக் கல், எது சுண்ணக் கல் என்று ஐயம் வந்தால், நீர்த்த அமிலத்தில் ஒரு துளி போதும். சுண்ணக் கல் நுரைத்துப் பொங்கும், படிகக் கல் அசையாது கிடக்கும். டொலமைட்டோ, முழுக்கல்லாக இருக்கையில் பெரும்பாலும் வாளாவிருந்து, தூளாக்கிய பின்னரே நுரைக்கும். கவ்வாத்துக்குப் பின் தேயிலை மலைகளில் தூவுவதற்காக மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றிய அந்த டொலமைட் வெண்தூள், புளித்துப்போன மண்ணைச் சீர்செய்வது மட்டுமன்றி, ஒருகாலத்தில் கடலடியிற் படிந்து, பின்னர் பூமியின் வயிற்றில் வெந்து பளிங்காகியது என்பதை அந்தப் பிள்ளை முதன்முறையாக அறிவது இங்கேதான். தாயும் தகப்பனும் தோளில் சுமந்த பொருள் என்னவென்று அறிவதைக் காட்டிலும் நேரான கல்வி வேறில்லை.

அடுத்து, தன் மலையின் கல்லையே கையில் எடுக்கிறார் மாணவர். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. மத்திய மலைநாடு அவற்றுள் உயர்நிலத் தொகுதி எனப்படும் பிரிவில் அமைந்துள்ளது. அத்தொகுதியில் அடிக்கடி காணப்படுவது சார்னொக்கைட் என்னும் கருமை கலந்த பாறை. புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோன்ற ஒரு மினுக்கமும், கருமைக்குள்ளே ஆழ்ந்த ஒரு பசுமையும் தெரியும். வெளிப்புறமோ விரலளவுக்குப் பழுப்பேறி இருக்கும். அந்தப் பசுமைக்கும் அந்தப் பழுப்புக்கும் இடையே உள்ள மெல்லிய கோடு, உள்ளே இன்னும் கல், வெளியே ஏற்கெனவே மண் என்று பிரிக்கும் எல்லை. இப்பாறை இன்றைய வடிவத்தைப் பெற்றது ஏறக்குறைய 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலமேற்பரப்பிலிருந்து 25 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 800 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில் என்பர் ஆய்வாளர். அப்படியாயின், இன்று பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் மலைநாட்டின் தலைக்கு மேலே ஒருகாலத்தில் அத்துணைக் கனமான வேறு பாறைகள் கிடந்திருக்க வேண்டும். அவையெல்லாம் மழையாலும் ஆறுகளாலும் அரித்துக் கழுவப்பட்டுக் கடலிற் சேர்ந்தன. நாம் மலைச்சிகரம் என்று அண்ணாந்து பார்ப்பது, ஒருகாலத்துப் பாதாளத்தின் தளம்.

இப்பாறைக்குப் பெயர் வந்த வரலாறும் நமக்கு அந்நியமானதன்று. சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் உள்ள இப்பாறையை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட், கல்கத்தா நகரை நிறுவியவர் எனப் பெயர்பெற்ற ஜோப் சார்னொக்கின் கல்லறைக் கல்லும் அதே இனத்தது என்பதைக் கண்டு, 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். இவ்வினப் பாறைகள் நீலகிரியிலும் பழனி மலையிலும் உண்டு. கடலுக்கு இப்பால் நம் மலைநாட்டிலும் உண்டு. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவை கொண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டமாகப் பிணைந்திருந்த காலத்தின் சாட்சிகள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலே மாண்டவர் போக எஞ்சியவராய் இம்மலைகளை அடைந்த நம் முன்னோர், அறியாத தேசத்தின் அறியாத கல்லை எடுத்துச் சாமியாக நிறுத்தினார்கள் என்றே இதுகாறும் எண்ணியிருந்தோம். பாறையின் கணக்கிலே அவர்கள் ஒரே நிலத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு வந்திருக்கிறார்கள்.

கோடிக்கணக்கான ஆண்டுகளைக் குறித்துப் பேசும்போது நம்மவரிடையே ஓர் அவசரம் தோன்றுவதுண்டு. புராணங்கள் கூறும் கற்பம் ஒன்றுக்கு 432 கோடி ஆண்டு. விஞ்ஞானம் பூமிக்குக் கூறும் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. ஆகவே நம் முன்னோர் யாவற்றையும் முன்னமே அறிந்திருந்தனர் என்று நிறுவிவிட முற்படுவது அந்த அவசரம். இதனை நாம் பணிவுடன் விலக்கிவிட வேண்டும். ஒன்று காலத்தின் அளவிறந்த தன்மையை மனத்தில் ஊன்றுவதற்கு எழுந்த எண். மற்றொன்று கனியங்களிலே கதிரியக்கத்தால் விளைந்த மாற்றத்தை அளந்து பெற்ற எண். எண்கள் அருகருகே நிற்பதனால் சாஸ்திரம் மெய்யாகிவிடாது. நாளை அளவை திருத்தப்பட்டால் பொய்யாகிவிடவும் மாட்டாது. விஞ்ஞானத்தின் கைத்தாங்கலை வேண்டி நிற்கும் பக்தி, தன் சொந்தக் கால்களில் நம்பிக்கை இழந்த பக்தி.

காலத்தை அளக்கும் அந்த வித்தை வளர்ந்த கதையில் இலங்கையின் கல்லுக்கும், ஓர் இலங்கைத் தமிழரின் மைந்தருக்கும் பங்குண்டு. சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்தார். சுத்தியலும் பையுமாக இத்தீவின் மலைகளிலும் ஆற்றுப்படுக்கைகளிலும் அலைந்த அவர், தோரியமும் யுரேனியமும் செறிந்த ஒரு கனியத்தைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்; அதுவே பின்னர் புதிய கனியமென்று அறியப்பட்ட தோரியனைட். சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் ஸ்ட்ரட் என்னும் பௌதிகர், அக்கனியத்தில் ஹீலியம் விளையும் வேகத்தை அளந்து, அதன் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று மதிப்பிட்டார். பூமியின் முதுமையை மனிதர் எண்ணத் தலைப்பட்ட அந்த ஆரம்ப நாட்களில், எண்ணுவதற்குக் கிடைத்த மணிகளில் ஒன்று இலங்கை மண்ணிலிருந்து சென்றது.

இதே குமாரசுவாமிதான் பின்னர் கண்டிநாட்டுச் சிற்பிகளையும் கைவினைஞரையும் பற்றி 1908இல் பெருநூல் எழுதினார். 1917இல் பொஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தைச் சேர்ந்து, 1947இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார். 1918இல் வெளியான ‘சிவ நடனம்’ என்னும் நூலின் மூலம் நடராஜ வடிவத்தின் உட்பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கினார். அவர் வாழ்க்கையைக் கூறுவோர் பலர் புவிச்சரிதவியலை அவர் இளமையில் கழற்றிப்போட்ட சட்டையாகக் கருதி ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரு கல்லை மற்றொன்றினின்று பிரித்தறிவதற்குத் தன் விருப்பு வெறுப்பை ஒதுக்கி, கல் தன்னைத் தானே எவ்வாறு காட்டுகிறதோ அவ்வாறே அதைக் காணும் ஒருமை வேண்டும். அந்த ஒருமையைப் பழகிய கண்ணே செப்புத்திருமேனி ஒன்றின் ஒவ்வோர் அங்கத்தையும் நின்று நிதானித்துப் பார்க்கும் வல்லமை பெறும் என்று நம்புகிறேன்.

நடராஜ தத்துவம் உணர்த்தும் ஐந்தொழிலில் சிருஷ்டியையும் சங்காரத்தையும் மலையகத்துக் கல்லிலே கண்கூடாகக் காணலாம். ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில் மலையை வெட்டிய இடங்களில், செம்மண்ணுக்குள்ளே உருண்டை உருண்டையான கற்கள் பதிந்திருக்கும். அவை எங்கிருந்தோ உருண்டு வந்தவை அல்ல. நின்ற இடத்திலேயே நைந்த பாறையின் எஞ்சிய இதயங்கள். பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்குகிறது. காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமிலவாயுவை ஏற்றுச் சிறிதே அமிலமான அந்நீர், பெல்ஸ்பார் என்னும் கனியத்தைத் தாக்கி, அதிலுள்ள பொற்றாசியம், சோடியம், கல்சியம் ஆகியவற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மென்மையான வெண்களியை விட்டுச் செல்கிறது. இரும்பு துருப்பிடித்து மண்ணுக்குச் செந்நிறம் தருகிறது. படிகம் மாத்திரம் கரையாமல் மணலாக எஞ்சுகிறது. தேயிலையின் வேர் உறிஞ்சும் உப்புக்களில் பல இவ்வாறு பாறை செத்துக் கொடுத்தவை. கொழுந்து பறிக்கும் கையில் ஒட்டும் பசுமைக்குள்ளே, கரைந்துபோன கல்லின் ஓர் அணுவேனும் இருக்கிறது. பாறையைப் பொறுத்தவரை இது சங்காரம். மண்ணைப் பொறுத்தவரை இதுவே சிருஷ்டி. ஒரே மழை, ஒரே கணத்தில், இரண்டையும் செய்கிறது. சிருஷ்டியை உடுக்கையிலும் சங்காரத்தை அனலிலும் வைத்து ஒரே நடனத்தில் ஒருசேர அமைத்த சிற்பி இதனை ஆய்வுகூடத்தில் அறிந்தவனல்லன். ஆனால் மாணவர் ஆய்வுகூடத்தில் அறிந்தது அந்த நடனத்திற்கு மாறானதும் அன்று.

இங்கே வினா இன்னும் கடுமையாகிறது. நம் திருமணச் சடங்குகளில் மணமகளின் காலை எடுத்து அம்மிமீது வைத்து, இக்கல்லைப்போல் உறுதியாக இரு என்று வாழ்த்துகிறோம். உறுதிக்கு உவமையாகக் கல்லைக் காட்டுவதும், அழியாத தெய்வத்தை அழியாத கல்லிலே வடிப்பதும் நம் வழக்கம். ஆனால் கல் அழியும் என்கிறது பாடம். மலையே அழியும் என்கிறது. தேய்ந்த அம்மியைக் கொத்திக் கொடுத்துக் கூலி வாங்கியவருக்கும் அது தெரியும். கல்லும் அநித்தியம் என்றால், நித்தியமானதற்கு அநித்தியமானதை அடையாளமாக்கி வணங்குவது எவ்வாறு தகும்?

இதற்கு விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களால் ஆனது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் இயல்புடையது என்பதையே முதற் சூத்திரம் எடுத்துக்கொண்டு, அதனாலேயே அதற்கு ஒரு கர்த்தா உண்டென்று அநுமானிக்கிறது. அதாவது, உலகின் அழிவு அங்கே இறைவனுக்கு எதிரான வாதமாக அன்றி, இறைவனை அறிவதற்கு வாயிலாக நிற்கிறது. அந்நூல் உலகை வெறுந்தோற்றமெனத் தள்ளவுமில்லை; மாயை என்பது சித்தாந்தத்திலே பொய் அன்று, உலகுக்கு முதற்காரணமாய் உள்ள மெய்ப்பொருள். அத்தகைய நூல் பன்னிரண்டாம் சூத்திரத்தில் எங்கே வந்து முடிகிறது? அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே கண்டு வழிபடுக என்பதில் முடிகிறது. அழியும் உலகத்தைக் கூறித் தொடங்கியவர், மண்ணாலும் கல்லாலும் ஆகிய ஆலயத்தைத் தொழுமாறு கூறி முடிப்பது முரண்பாடு என்று அவர் கருதவில்லை. கல் நித்தியமானது என்பதற்காக எவரும் அதைத் தொழ வேண்டியதில்லை. நிலையற்ற நாம், நிலையற்ற ஒன்றின் வாயிலாகவன்றி வேறு எதன் வாயிலாகவும் நிலைபெற்றதை அணுக இயலாது என்பதே அதன் கருத்தாக நான் கொள்கிறேன்.

தோட்டத்து மரத்தடிக் கல்லை நிறுத்தியவர்கள் சூத்திரம் கற்றவர்கள் அல்லர். ஆயினும், அவர்கள் கல்லை நிறுத்திய இடங்களைப் பார்த்தால் ஒரு நியாயம் புலப்படும். காடு வெட்டிய எல்லையிலே, சக்கரம் சுழலும் இடத்திலே, கத்தி கூர்மையாகும் நாளிலே அவர்கள் தெய்வத்தை நாடினார்கள். மனிதப் பிரயத்தனம் முடிந்து அபாயம் தொடங்கும் வரம்பிலே அந்தக் கல் நின்றது. தன் பலத்திற்கு ஓர் எல்லை உண்டென்று ஒருவன் தலை தாழ்த்துவதே வழிபாட்டின் ஆரம்பம் என்றால், அவர்கள் செய்தது வழிபாடே. அதற்குக் கல்லின் இரசாயனம் தடையன்று.

நிலையாமையைப் பற்றிப் பேசுவோர் ஓர் அநீதிக்குத் துணைபோகாதிருக்கவும் வேண்டும். மலைக்கே ஆயுள் உண்டென்றால் காணி உறுதிக்கு என்ன பொருள், எல்லாம் ஈசனுடையதன்றோ என்று வேதாந்தம் பேசுவது எளிது. அதை யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே அது ஞானமாகவோ கொடுமையாகவோ ஆகும். இம்மலைகளில் நீர் வடியக் கான் வெட்டி, கல்லடுக்கி அணை கட்டி, மண் ஓடாமல் காத்தவர்களின் சந்ததியிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். பிரஜாவுரிமை மீண்ட பின்னரும் தாம் வாழும் லயத்தின் நிலத்துக்குச் சொந்தக்காரராகாமல் தலைமுறைகள் கழிந்தன. ஒரு துண்டு மண்ணும் இல்லாதவரிடம் மண் நிலையற்றது என்று உபதேசிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. நிலையாமை என்னும் உபதேசம் முதலில் செல்ல வேண்டியது, ஆயிரமாயிரம் ஏக்கரைத் தமதென்று எழுதி வைத்திருப்போரிடமும், இல்லம் எனப்படும் மணிக்கல் படிவைத் தேடிப் பொகவந்தலாவைப் பக்கத்து ஆற்றங்கரைகளைக் கள்ளத்தனமாகக் குடைவோரிடமுமே.

அறிவு விதிக்கும் கடமை ஒன்றும் உண்டு. கல்லை மண்ணாக்கும் அதே செயல், களியைச் சரிவான பாறைமீது படியவைக்கிறது. பெருமழையில் நீரேறிக் கனத்த அம்மண், அடியிலுள்ள பாறையின் பிடி தளர்ந்து வழுக்கினால், தேயிலையை வளர்த்த மண்ணே லயத்தைப் புதைக்கும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் அதுவே நிகழ்ந்தது. அபாயமுள்ள இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த சரிவிலே வரிசை வரிசையாக வீடுகள் மண்ணுக்குள் சென்றன. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், ஊற்று இல்லாத இடத்தில் திடீரென ஊறும் நீர், வழக்கமாக ஓடிய பீலி நீர் கலங்குவது அல்லது சட்டென வற்றுவது, காரணமின்றி இறுகும் கதவு, விரியும் சுவர்க் கீறல் ஆகியவை மலை முன்கூட்டிச் சொல்லும் செய்திகள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் டிவிஷனுக்கு ஒருவரேனும் இருப்பின் எத்தனையோ உயிர்கள் தப்பும். தெய்வம் காக்கும் என்று வெடிப்பைப் பார்த்தும் பாராதிருப்பது பக்தியாகாது. போவதற்கு மாற்று நிலம் தராமல் ‘எச்சரித்துவிட்டோம்’ என்று அமைவது அறிவாகாது.

ஆகவே, புவிச்சரிதவியல் கற்று ஊர் திரும்பும் பிள்ளை அந்தக் கல்லைத் தொழலாம் என்பதே என் முடிபு. மூதாதையர் தொழுததைவிடத் தெளிவாகவும் தொழலாம். ஏனெனில், கோடிக்கணக்கான ஆண்டுகள் பாதாளத்தில் வெந்து மேலெழுந்த ஒன்று, தன்னைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பிறரை வாழவைப்பதை அந்தப் பிள்ளை அறியும். அறிந்ததற்கு ஈடாக அப்பிள்ளையிடம் ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது. கற்பூரம் அணைந்த பின், லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் ஏறிப் பார்த்து, கான் அடைபட்டிருந்தால் தோட்டத்து இளைஞரைக் கூட்டி அதைத் திறக்க வேண்டும். நிலம் வெடித்திருந்தால் அதை அளந்து எழுதி அதிகாரிகளின் முன் வைக்க வேண்டும். பாதுகாப்பான காணி கிடைக்கும் வரை விடாது கேட்க வேண்டும். பாட்டன் பாட்டி அபாயத்தின் எல்லையிலே கல்லை நிறுத்திக் கைகூப்பினார்கள், அவர்களால் இயன்றது அவ்வளவே. பேரப்பிள்ளைக்கு இயல்வது அதனினும் அதிகம். இயல்வதைச் செய்யாமல் கைகூப்பினால் மாத்திரமே அந்தத் தொழுகை குறையுடையதாகும்.